பச்சைப் புள்ளி எரிகிறது, திரையில் படம் ஓடுகிறதா?

விளம்பரத் திரை, விமான நேரம் காட்டும் பலகை, காத்திருப்புக் கூடத்தில் டோக்கன் எண் காட்டும் திரை என எதை எடுத்துக்கொண்டாலும், அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சில திரைகளில் அது உள்ளேயே இருக்கும். அதுதான் மீடியா பிளேயர். இந்தப் பெட்டிகளைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொள்வது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி: எல்லாப் பெட்டிகளின் நிலையையும் காட்டும் டாஷ்போர்டில் பச்சைப் புள்ளி தெரிந்தால் உங்களுக்கு என்ன தெரியும்?

"திரை ஓடுகிறது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில், அந்தப் பெட்டி சற்று முன்பு தன்னை நிர்வகிக்கும் சர்வரோடு பேசியது என்பது மட்டும்தான் தெரியும். படம் காட்டும் ஆப் உறைந்து நின்றிருக்கலாம். எச்டிஎம்ஐ கேபிள் தளர்ந்திருக்கலாம். யாரோ ரிமோட்டை அழுத்தி வேறு இன்புட்டுக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். பெட்டியில் இடம் நிறைந்துபோய், புதிய வீடியோ இறங்காமல், முடிந்துபோன சலுகையின் விளம்பரமே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கலாம். இத்தனைக்கும் புள்ளி பச்சையாகவே இருக்கும்.

சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. அது கேபிளுக்கு இந்தப் பக்கம், பெட்டியின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது. திரை அணைந்து கிடந்தாலும் ஸ்கிரீன்ஷாட் அழகாக வரும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: வன்பொருள் மூலம் ஓடும் வீடியோ சில பெட்டிகளில் ஸ்கிரீன்ஷாட்டில் கறுப்புக் கட்டமாகத் தெரியும், திரையிலோ எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் திரையிடமே கேட்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுத் திரைகள் பலவற்றில் ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள் அல்லது நெட்வொர்க் வழியாக "மின்சாரம் இருக்கிறதா, எந்த இன்புட்டில் இருக்கிறாய்" என்று கேட்டுப் பதில் வாங்கலாம். வீட்டு டிவியை மாட்டியிருந்தால் எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே வரும் சிஇசி (இணைந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வசதி) உதவும். ஆனால் அது டிவியில் முடக்கப்பட்டிருக்கலாம், பெயரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். மாடலுக்கு மாடல் அது நடந்துகொள்ளும் விதமும் வேறு. எனவே வாங்கும் மாடலிலேயே சோதித்துப் பாருங்கள். இதோடு, காட்ட வேண்டிய படங்களின் பட்டியலில் எந்தப் பதிப்பு ஓட வேண்டும், எது ஓடுகிறது என்ற இரண்டையும் பெட்டி ஒவ்வொரு முறையும் சொல்லும்படி செய்தால், பழைய விளம்பரம் ஓடும் பிரச்சினை அன்றே கண்ணில் படும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று கடிகாரம். மீடியா பிளேயராகப் பயன்படும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் 5-க்கு முந்தைய மாடல்களில் மின்சாரம் போனாலும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் பெட்டி நெட்வொர்க்கிடம் நேரம் கேட்கும். அதற்கான யுடிபி 123 போர்ட்டை, அதாவது நேரம் கேட்கும் நெட்வொர்க் வாசலை, அந்த இடத்தின் ஃபயர்வால் அடைத்திருந்தால் பெட்டி பழைய தேதியிலேயே நிற்கும். சர்வர் தன் அடையாளத்தைக் காட்டத் தரும் டிஜிட்டல் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருந்தால், இன்னும் செல்லாத சான்றிதழ் என்று பெட்டி அதை மறுத்துவிடும். இணையம் நன்றாக இருக்கும், பெட்டி மட்டும் ஆஃப்லைன். எல்லோரும் கேபிளையும் ரவுட்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெட்டியை நிறுவும் நாளிலேயே அந்த இடத்து நெட்வொர்க் ஆட்களிடம் நேர சர்வரின் முகவரியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கண்காணிப்பில் தவறினால் ஒரு திரை போகும். செட்டிங்ஸ் மாற்றுவதில் தவறினால் எல்லாத் திரையும் போகும். மிகவும் ஆபத்தானது நெட்வொர்க் செட்டிங்ஸ்தான். வைஃபை பாஸ்வேர்டை ஒரு எழுத்து தவறாக அனுப்பினால் பெட்டி கையை விட்டுப் போய்விடும், அப்புறம் ஒருவர் ஏணியோடு நேரில் போக வேண்டும். ரவுட்டர் உலகில் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஜூனிப்பர் கம்பெனியின் நெட்வொர்க் கருவிகளில் மாற்றத்தைத் தற்காலிகமாகப் போடலாம், 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மீடியா பிளேயருக்கும் இதே ஏற்பாடு வேண்டும்: புதிய செட்டிங்ஸில் சர்வரை எட்ட முடியவில்லை என்றால், யாரும் சொல்லாமலே பழையதற்குத் திரும்ப வேண்டும்.

எந்த அப்டேட்டையும் ஒரே நேரத்தில் எல்லாப் பெட்டிக்கும் அனுப்பாதீர்கள். முதலில் மேசைமேல் இருக்கும் பெட்டி, பிறகு சில திரைகள், ஒரு நாள் கழித்து மற்றவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் பாதித்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையத் தகவல் பலகைகளும் அதில் விழுந்தன. அந்தக் கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விண்டோஸின் நீலப் பிழைத் திரையில் சிக்கிய கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக, நேரில் போய்த்தான் மீட்க வேண்டியிருந்தது. சுவரில் உயரத்தில் மாட்டிய பெட்டிகளோடு வேலை செய்யும் நாம் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது கதவு. வசதிக்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாகிறது. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் திறந்து கிடந்த 5555 போர்ட் வழியாகத்தான் 2018 பிப்ரவரியில் ஏடிபி மைனர் என்ற புழு பெட்டிக்குப் பெட்டி பரவி, மறைநாணயம் (கிரிப்டோகரன்சி) தோண்ட வைத்தது. பெட்டிதான் வெளியே இருக்கும் சர்வரைத் தேடிப் போக வேண்டும், வெளியிலிருந்து யாரும் பெட்டியைத் தேடி வரக் கூடாது. நிர்வாக சர்வர் இதைவிட முக்கியம், அதைப் பிடித்தவர் கையில் எல்லாத் திரையும் போய்விடும். திரைகளை நிர்வகிக்கும் சாம்சங் மேஜிக்இன்ஃபோ 9 சர்வரில் இருந்த, சிவிஇ-2024-7399 என்ற எண்ணால் குறிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைக்கு 2024 ஆகஸ்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் 2025 மே மாதம் தாக்குதல்காரர்கள் மேஜிக்இன்ஃபோ சர்வர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள், அதே மாதம் இன்னொரு ஓட்டைக்கும் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த சர்வரை இணையத்தில் நேரடியாக வைக்காதீர்கள், விபிஎன் என்ற தனிப் பாதுகாப்பு இணைப்புக்குப் பின்னால் வையுங்கள்.

எச்சரிக்கைகள் பற்றிச் சுருக்கமாக: ஒரு முறை பதில் வராததற்கெல்லாம் மெசேஜ் அனுப்பினால் சில நாளில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் எல்லாப் பெட்டியும் சேர்ந்து போனால் ஒரே ஒரு எச்சரிக்கை போதும், அது ரவுட்டரோ மின்சாரமோதான்.

புதிதாக ஒரு அமைப்பை வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரை உங்கள் முன்னால் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பெட்டியை ஓடவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் உருவட்டும், டாஷ்போர்டுக்கு அது தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 123 போர்ட்டை அடைத்து, பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நாள் கழித்துத் திரும்பக் கொடுக்கட்டும், பெட்டி சரியான நேரத்தோடு சர்வரை எட்டுகிறதா என்று பாருங்கள். தொலைவிலிருந்தே தவறான வைஃபை பாஸ்வேர்டை அனுப்பட்டும், பெட்டி தானாகத் திரும்பி வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். வராவிட்டால் விலை பேச உட்காராதீர்கள்.