ஸ்ப்ரூ: வாய்ப்புண்ணின் பெயரால் ஒரு குடல்நோய்

ஏற்காட்டுப் பேருந்தில் வந்திறங்கிய ஒரு மூதாட்டி, சேலத்தில் மருத்துவர் ஒருவரின் வாசலில் என்னருகே அமர்ந்து, "தின்னது மேலுக்கு ஒட்டலீங்க, எல்லாம் கழிச்சலாப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் திரும்பியவர், சீட்டை நீட்டிப் படிக்கச் சொன்னார். அதில் 'டிராபிகல் ஸ்ப்ரூ' என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்கள். சீட்டில் இருந்த பெயரைவிட அவர் சொன்னதே அந்நோய்க்குப் பொருத்தமான விளக்கம் என்று எனக்குப் பட்டது. அப்பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி.

ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இந்நோயில் குட்டையாகித் தட்டையாகிவிடுவதால், கொழுப்பும் போலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் இரத்தத்தில் சேராமல் வெளியேறுகின்றன. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு தண்ணீரில் மிதக்கும், உடல் இளைக்கும், இரத்தம் சோகை பிடிக்கும், நாக்கு சொரசொரப்பை இழந்து, வழவழவென்று சிவந்து எரியும்.

பெயர் பிறந்தது அந்த நாக்கிலிருந்துதான். 'ஸ்ப்ரூ' என்பது டச்சு மொழியில் குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படரும் புண்ணுக்கு வழங்கிய சொல். பார்படாஸ் தீவில் இந்நோயை மருத்துவர் வில்லியம் ஹில்லாரி 1759-லேயே விவரித்திருந்தாலும், சீனத்தின் அமோய் நகரில் பணிபுரிந்த மருத்துவர் பேட்ரிக் மேன்சன் 1880-இல் அச்சொல்லை ஆங்கில மருத்துவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அது நிலைத்தது. டச்சுச் சொல்லுக்கு நேர்த் தமிழ் 'அக்கரம்'. ஆனால் 'வெப்பமண்டல அக்கரம்' என்று பெயர்த்தால், படிப்பவர் குடலை விட்டுவிட்டுக் குழந்தையின் வாயைத்தான் பார்ப்பார்.

சித்த மருத்துவத்தில் இதற்கு அண்மையில் நிற்கும் சொல் 'கிராணி'. வடமொழியில் 'கிரகணி' என்பது, பற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்து, உணவைப் பிடித்துவைக்கும் குடற்பகுதியைக் குறித்து, பின்னர் அதன் நோய்க்கும் பெயரானது. நிலவைப் பற்றும் கிரகணமும், பள்ளிப் பாடநூலில் வரும் 'உட்கிரகித்தல்' என்னும் சொல்லும் அதே வேரினவே. பற்ற வேண்டிய உறுப்பு பற்றாமற்போவதே நோய் என்பதால், கிராணி என்னும் பெயர் ஸ்ப்ரூவைவிட உண்மைக்கு நெருங்கியது. ஆயினும் நாட்பட்ட கழிச்சல்கள் பலவற்றையும் அது ஒன்றாக அள்ளிக்கொள்வதால், தனியே போதாது. ஆகவே 'உறிஞ்சாக் கழிச்சல்' என்பது என் தேர்வு.

'வெப்பமண்டல' என்னும் அடைமொழியும் சற்றே ஏமாற்றும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், மார்கழிப் பனியில் கம்பளி போர்த்திக் காப்பிப்பழம் பறிப்பவரும் அம்மண்டலத்தவரே. கிரேக்க மூலத்தில் 'டிராபிகல்' என்னும் சொல் கதிரவன் திரும்பும் எல்லையைச் சுட்டுகிறதேயன்றி வெப்பத்தை அன்று. ஈழத்தமிழர் வழங்கும் 'அயனமண்டலம்' அதை அப்படியே பிடிக்கிறது. இங்கே அது பழகாததால் பழைய அடைமொழியையே வைத்துக்கொள்கிறேன். எப்படியும் வெப்பம் இந்நோய்க்குக் காரணமன்று: 1960-களில் அன்றைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது கொள்ளைநோய்போலப் பரவியபோது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் விரிவாக ஆராய்ந்தனர், ஆப்பிரிக்காவிலோ இது அரிது.

அடைமொழியை விட்டுவிடவும் முடியாது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாமல் குடலுறிஞ்சிகள் தேயும் சீலியாக் நோயை 'வெப்பமண்டலம் சாராத ஸ்ப்ரூ' என்று முன்பு அழைத்தார்கள். அதற்கு மருந்து கோதுமையை விலக்குவது. களியும் சோறும் உண்ணும் மலைக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. இந்நோய்க்குத் தருவது சில மாதங்களுக்கு டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், குறைந்திருந்தால் பி12 ஊசியும், இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் பெயர்பெற்ற போலிக் அமில மாத்திரையுமே.