ஃபெடரல்: கூட்டாட்சியா, கூட்டரசா?

"கூட்டாட்சியின் அதிகாரத்தைக் குறைக்கவேண்டும் என்பது அமெரிக்கப் பழமைவாதிகளின் நெடுநாள் கோரிக்கை."

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில் இந்த வரியைக் கண்டதும் பேனா நின்றுவிட்டது. இலக்கணத்தில் குறை இல்லை. அகராதியைப் பிரித்தால் 'ஃபெடரல்' என்பதற்குக் கூட்டாட்சி என்றுதான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் படிக்கிறவருக்கு இந்த வரி நேர்மாறான பொருளைத் தரும். "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்ற தி.மு.க. முழக்கத்தைச் சுவரெழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்குக் கூட்டாட்சி என்றால் மாநிலங்களின் பக்கம். அதைக் குறைக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், எல்லாவற்றையும் டெல்லியிடம் கொடு என்கிறார் போலிருக்கிறது என்று நினைப்போம். அமெரிக்கப் பழமைவாதி சொல்வதோ, வாஷிங்டனைச் சுருக்கு, மாநிலத்தை அதன் போக்கில் விடு என்பது.

அங்கே அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதற்கு ஒரு தாள் போதும். டெக்சாஸில் வேலைபார்க்கும் என் சித்தி மகன் ஒருமுறை தன் டபிள்யூ-2 படிவத்தைக் காட்டினான். சம்பளம் கொடுப்பவர் ஆண்டுதோறும் ஜனவரியில் தருகிற தாள் அது. இரண்டாம் கட்டத்தில் ஃபெடரல் வருமான வரிப் பிடித்தம், பெரிய தொகை. பதினேழாம் கட்டம் மாநில வருமான வரிக்கு உரியது. அது வெறுமையாக இருந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. "ஃபெடரலுக்குத்தான் எல்லாம் போகுதுண்ணே, ஸ்டேட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். ஸ்டேட்டுக்கு எதிர்ப்பதம் ஃபெடரல். நம் ஊரில் 'சென்ட்ரல்' என்று சொல்லும் இடத்தில் அவன் 'ஃபெடரல்' என்கிறான், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சொல்லின் வேரில் மையமும் இல்லை, மாநிலமும் இல்லை. லத்தீனில் 'ஃபோயடுஸ்' என்றால் உடன்படிக்கை. நம்பிக்கை என்று பொருள்படும் 'ஃபிதேஸ்' அதற்கு உறவுச் சொல். ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது அரசியல் சொல்லாகக்கூட இல்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உடன்படிக்கையைப் பற்றிப் பேசிய இறையியலாளர்கள்தான் முதலில் அதைப் புழங்கினார்கள். தமிழ் விவிலியத்தில் 'உடன்படிக்கைப் பெட்டி' என்று படித்திருப்பீர்கள். அந்த உடன்படிக்கைதான் இங்கேயும். பிறகுதான், தனித்தனி அரசுகள் தங்களுக்குள் வாக்குக் கொடுத்துச் சேர்ந்துகொள்வதற்கு அந்தச் சொல் வந்தது. ஆக, பழைய பொருளில் 'ஃபெடரல்' என்றால் தளர்ந்த கூட்டு. ஒவ்வோர் உறுப்பும் தன் இறைமையைக் கையில் வைத்துக்கொண்டே சேர்வது.

சொல் தலைகீழானது 1787இல், பிலடெல்பியாவில்.

அதுவரை 13 மாநிலங்களும் 1781இல் நடைமுறைக்கு வந்த ஒரு கூட்டு உடன்பாட்டின் கீழ் இருந்தன. அதில் நாடாளுமன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. வலுவான மைய அரசு வேண்டும் என்றவர்கள் புதிய அரசமைப்பை எழுதக் கூடினார்கள். வரைவுத் தீர்மானங்களில் 'தேசிய அரசாங்கம்' என்றே எழுதியிருந்தார்கள். கனெக்டிகட் உறுப்பினர் ஆலிவர் எல்ஸ்வர்த் அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொன்னார். ஜூன் 20 அன்று எடுத்தார்கள். வலுவான மையத்தைக் கேட்டவர்கள் அதன்பின் 'ஃபெடரலிஸ்ட்' என்று தங்களையே அழைத்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்களுக்கு 'ஆன்டி-ஃபெடரலிஸ்ட்' என்ற பட்டம் விழுந்தது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்: மையத்தைக் கேட்டவன் கூட்டுக்காரன், கூட்டைக் கேட்டவன் கூட்டு எதிர்ப்பாளன்!

பெயரைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் ஒருவரான எல்பிரிட்ஜ் கெர்ரி 1789இல் நாடாளுமன்றத்திலேயே இதைக் கிளப்பினார். உண்மையில் ஃபெடரல் அரசைக் கேட்டது நாங்கள்தான், அவர்கள் கேட்டது தேசிய அரசை என்றார். அரசமைப்புக்கு ஒப்புதல் தரலாம் என்றவர்கள் ஒரு பக்கம், கூடாது என்றவர்கள் மறுபக்கம். ஒப்புதல் தருவதற்கான ஆங்கிலச் சொல் 'ராட்டிஃபை'. அதன் முதல் அசை 'ராட்', அதாவது எலி. ஆகவே எங்களை ஃபெடரல், ஆன்டி-ஃபெடரல் என்று பிரித்ததற்குப் பதில் எலிகள், எலி எதிர்ப்பாளர்கள் என்று பிரித்திருக்கலாம் என்றார். எனக்கு இந்த ஆளை இதற்காகவே பிடிக்கும்.

இன்னொன்று. அமெரிக்க அரசமைப்பின் வாசகத்தில் 'ஃபெடரல்' என்ற சொல்லே கிடையாது. 1791இல் சேர்ந்த பத்தாவது திருத்தம், மையத்துக்குக் கொடுக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. இன்றுவரை பழமைவாதிகள் எடுத்துக் காட்டும் வரி அது.

அவர்களுடைய குறை சூடுபிடித்தது 1933இல் ஜனநாயகக் கட்சி அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க மைய அரசே இறங்கும் 'நியூ டீல்' திட்டங்களைத் தொடங்கிய பிறகு. புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த சகோதரர்கள் மீது வாஷிங்டன் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. உள்ளூர்க் கோழிக்கடைக்கு வாஷிங்டன் விதி போடலாமா என்பது கேள்வி. 1935 மே மாதம் நீதிபதிகள் ஒருமனதாகக் கூடாது என்றார்கள். எதிர்த்தவர்கள் எல்லாம் குடியரசுக் கட்சிக்காரர்கள் என்று நினைக்கவேண்டாம். 1928இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஆல் ஸ்மித்தே ரூஸ்வெல்ட்டுக்கு எதிரணியில் சேர்ந்தார்.

சொந்தக் கட்சி அதிபரையும் பழமைவாதிகள் விட்டுவைத்ததில்லை. ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சி. அவர் 1957இல் கொண்டுவந்த 7,180 கோடி டாலர் பட்ஜெட்டை, அதே கட்சியின் அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் எழுந்து வெளுத்து வாங்கினார். ஐசன்ஹோவர் ஆட்சிக்கு அவர் வைத்த பெயர் 'டைம் ஸ்டோர் நியூ டீல்'. டைம் என்றால் பத்து சென்ட். 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடையில் வாங்கிய நியூ டீல் என்று தமிழில் சொன்னால் கேலி அப்படியே வரும்.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் இது இன்னும் கூர்மையாயிற்று. முதியோர் மருந்துச் செலவை மையமே ஏற்கும் மசோதா 2003 நவம்பர் 22 அதிகாலை 3 மணிக்குக் கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிவது. அன்று தோற்கும் நிலை. அவைத் தலைமை ஏறக்குறைய 3 மணி நேரம் வாக்குப்பதிவைத் திறந்தே வைத்து, ஆட்களைத் தனித்தனியாகப் பிடித்துப் பேசி, விடியும் நேரத்தில் 220-215 என்று ஜெயித்தது. அதிபரின் கட்சியிலேயே 25 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்; பின்னாளில் துணை அதிபரான மைக் பென்ஸ் அவர்களில் ஒருவர். 2025 ஆகஸ்டில் டிரம்ப் நிர்வாகம் இன்டெல் நிறுவனத்தில் சுமார் 10 சதவீதப் பங்கை அரசுக்கு வாங்கியபோது, கென்டக்கி செனட்டர் ராண்ட் பால் இது சோஷலிசத்துக்குப் போகும் படி ஆகாதா என்று கேட்டார். அவரும் டிரம்ப்பின் கட்சிதான்.

இந்தச் செய்திகளைத் தமிழாக்கும்போது ஃபெடரலோடு வேறு சில சொற்களும் காலை வாரும். 'பிக் கவர்ன்மென்ட்' என்பதைப் 'பெரிய அரசாங்கம்' என்று போட்டால் பாராட்டுப் போலக் கேட்கிறது; நம் மொழியில் பெரிய என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. 'ஊதிப்போன அரசாங்கம்' என்றால் வசவு சரியாக விழும். 'சிட்டிங் பிரசிடென்ட்' ஒருவரை ஒரு தளம் 'அமர்ந்திருக்கும் அதிபர்' ஆக்கியிருந்தது. சிட்டிங் எம்.எல்.ஏ. என்று டீக்கடையில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். எழுத்தில் 'பதவியில் உள்ள' போதும். கன்சர்வேடிவுக்குப் 'பழமைவாதி' என்ற சொல்லில் கொஞ்சம் திட்டும் கலந்திருக்கிறது. 'மரபுவாதி' நடுநிலையானது. ஆனாலும் பழமைவாதி நிலைத்துவிட்டது, நானும் இங்கே அதைத்தான் எழுதுகிறேன்.

சரி, ஃபெடரலுக்கு வருவோம். ஈழத்தில் நெடுங்காலமாக வழங்குவது 'சமஷ்டி'. தனி என்ற பொருளுடைய 'வியஷ்டி'க்கு எதிரான வடசொல், தொகுதி என்று பொருள். ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகம் 1949இல் தொடங்கிய கட்சிக்கு ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் 'தமிழரசுக் கட்சி' என்று பெயர். ஒரு பெயரில் கூட்டு, மறு பெயரில் தமிழர் அரசு. ஒரே கட்சியின் இரு பெயர்களுக்கு நடுவில் இருந்த இந்த இடைவெளியைத் தென்னிலங்கை அரசியல்வாதிகள் கடைசிவரை சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். தமிழ்நாட்டில் 'மத்திய', 'நடுவண்' இரண்டும் உண்டு, 2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் 'ஒன்றிய அரசு' பரவியது. இந்திய அரசமைப்பின் முதல் கூறு சொல்வது மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஊராட்சி ஒன்றியத்தை நினைத்துச் சிரித்தவர்களும் உண்டு.

ஆனால் வாஷிங்டனுக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது மலேசியத் தமிழர் சொல். கோலாலம்பூரையும் புத்ராஜெயாவையும் லாபுவானையும் அவர்கள் 'கூட்டரசுப் பிரதேசம்' என்கிறார்கள். கூட்டரசு என்பதில் கூட்டும் இருக்கிறது, அரசு என்ற ஆளும் அமைப்பும் இருக்கிறது. கூட்டாட்சி என்பது ஆளும் முறை. போதாக்குறைக்குக் கூட்டணி ஆட்சியோடும் குழம்பும். ஆகவே முறைக்குக் கூட்டாட்சி, அமைப்புக்குக் கூட்டரசு. கூட்டரசு வரி, கூட்டரசு நீதிமன்றம், கூட்டரசு ஊழியர் என்று தடங்கலில்லாமல் வருகிறது. ஃபெடரல் ரிசர்வ் வங்கியை மட்டும் தொடவேண்டாம், அது பெயர்.

அந்தக் கட்டுரையில் இப்படித் திருத்தி அனுப்பினேன்: "கூட்டரசின் அதிகாரத்தைக் குறைத்துக் கூட்டாட்சியைக் காக்கவேண்டும் என்பது அமெரிக்கப் பழமைவாதிகளின் நெடுநாள் கோரிக்கை." 'கூட்டு' இரண்டு முறை வருகிறதே, ஒன்றை எடுத்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார்.