தொடாமல் வைத்தால் புதிதாக இருக்காது

சென்ற வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா ரெக்கார்ட் பிளேயர் ஒன்றைப் பழைய சேலையில் பொதிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, அவர் போன பிறகு பதினெட்டு வருடமாக யாரும் தொட்டதே இல்லை. அப்படியே புதிதாக இருக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

சேலையைப் பிரித்தேன். ஊசி இருக்கும் கையைக் கட்டாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். வழி நெடுக அது ஆடியதில் ஊசி முறிந்து போயிருந்தது. சுழலும் தட்டைத் தூக்கினேன். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாகப் பிசின் போல ஒரு குழம்புதான் மிச்சம். விரலில் ஒட்டியது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இந்த மாதத்தில் இப்படி வந்த செட்டுகளில் இது மூன்றாவது.

தொடாமல் வைத்தால் புதிதாக இருக்கும் என்பது வெண்கல உருளிக்குப் பொருந்தும். ரெக்கார்ட் பிளேயருக்குள் ரப்பர் இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஒன்று, பெல்ட் உருகும், இல்லையென்றால் விறைத்து வெடிக்கும். பெல்ட் இல்லாமல் ரப்பர் சக்கரத்தில் ஓடும் செட்டுகளில், சக்கரம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுந்தி நின்று பள்ளம் விழுந்துவிடும். அதன் பிறகு பாட்டுக்கு நடுவே டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அச்சில் போட்ட கிரீஸ் மெழுகாக இறுகும். ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் கடுகளவு ரப்பரும் விறைக்கும். ஆம்ப்ளிஃபயரில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் மின்சாரத்தையே காணாமல் கிடந்து பலம் இழக்கும். அந்த அம்மாவின் கணவர் ஓட்டிய காலத்தில் செட்டுக்கு வந்த தேய்மானம் கொஞ்சம்தான். இந்தப் பதினெட்டு வருட ஓய்வுதான் அதைக் கெடுத்திருக்கிறது.

எனவே, விற்பதா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆள் உண்டா? உண்டென்றால் சரிசெய்து, கூடத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு இசைத்தட்டாவது ஓடட்டும். இல்லையென்றால் கேட்கிறவர் ஒருவருக்கு இந்த வருடமே கொடுத்துவிடுங்கள். மறுபடியும் பரணில் ஏற்றாதீர்கள். பழைய செட் லட்சத்துக்குப் போகும் என்று செல்போனில் பார்த்துவிட்டு விலையேறக் காத்திருப்பவர்கள் பலர். அவர்கள் காத்திருக்கும்போதே பெல்ட் உருகிக்கொண்டிருக்கிறது.

விற்பதற்கு முன் ஓடுகிறதா பார்ப்போம் என்று நேராகப் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பழுதுபார்க்கும் நாங்களே, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியை வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம். எடுத்த எடுப்பில் 230 வோல்ட்டைக் கொடுத்து, புகை வந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய?

இசைத்தட்டுகளைச் செட்டோடு சேர்த்து மொத்தமாகப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பாபநாசம் பக்கத்து வீடுகளில் சாரல் ஈரத்தால் உறைக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழே பரணில் படுக்கவைத்து அடுக்கியவை, அக்னி நட்சத்திர வெயிலில் அப்பளமாக வளைந்திருக்கும். தட்டுகளை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 வேகத் தட்டுகளைத் தனியாகப் பிரியுங்கள். அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் உடையும். சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியிடம் கேளுங்கள், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அவர் பூசுகிறார். போன வருடம் ஒருவர் தன் தாத்தாவின் தட்டுகளை அப்படித் துடைத்திருந்தார். பஞ்சு கறுத்துவிட்டது. தட்டில் துடைத்த இடம் மட்டும் பளபளப்பு செத்து மங்கிக் கிடந்தது. அந்தப் பாட்டு இனித் திரும்பாது.

ஊசியும் வேறு வேறு. 1948-இல் வந்த 33⅓ வேக லாங் பிளே தட்டின் பள்ளம் மிக நுண்ணியது, 78-இன் பள்ளம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். 78-க்கான ஊசியை லாங் பிளேயில் வைத்தால் பள்ளம் சிதையும். வாங்க வருகிறவர் போட்டுக் காட்டச் சொன்னால், எந்த ஊசி மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அந்த அம்மாவின் செட்டுக்கு ஊசி கிடைத்துவிட்டது. பெல்ட்டுக்கு அளவெடுத்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் ஆகும் செலவைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஊசி முறிந்ததாவது தவிர்த்திருக்கக்கூடியது.

தயவுசெய்து, கொண்டுவரும்போது ஊசி இருக்கும் கையை அதன் தாங்கியோடு பருத்தி நூலால் கட்டுங்கள். ஊசிக்கு மூடி இருந்தால் மாட்டுங்கள். சுழலும் தட்டு கழன்று வரும் வகையானால் அதைக் கழற்றித் தனியாகப் பொதியுங்கள். இதெல்லாம் கைவராது என்றால் செட்டை அசைக்கவே வேண்டாம், சொல்லி அனுப்புங்கள். பாபநாசம் வரைக்கும் நானே வந்து பார்க்கிறேன்.