பட்டாக் காகிதம் இருக்கிறது, மனை எங்கே? வீட்டுமனைப் பட்டா கேட்போர் கவனத்துக்கு

அரசுப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலமற்ற ஏழைக் குடும்பத்துக்கு அந்த இடத்தையோ வேறோர் இடத்தையோ இலவச வீட்டுமனையாக ஒப்படை செய்து பட்டா வழங்குவதற்குத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. வருவாய் நிலை ஆணை 21 அதற்கு அடிப்படை. ஆதிதிராவிடர் குடும்பங்களுக்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தி மனையாகப் பிரித்துக் கொடுக்க 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு. அந்த மனைகளுக்குக் கிராமத்தில் 3 சென்ட், நகராட்சியில் ஒன்றரை சென்ட், மாநகராட்சியில் 1 சென்ட் என்பது நடைமுறையில் உள்ள அளவு. மதுரை போன்ற மாநகராட்சிகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருப்போருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. திட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்; மீதியை விளம்பரப் பலகைகளே சொல்லிவிடும்.

பலகைகள் சொல்லாத முதல் செய்தி, "ஆட்சேபணையற்ற" என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள், எவ்வளவு ஏழை, எத்தனை முறை மனு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். உங்கள் வீடு நிற்கும் சர்வே எண்ணுக்கு (புல எண் என்பதும் அதுவே) எதிரே, எந்த நிலம் எந்த வகை என்று காட்டும் கிராமத்தின் 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) என்றோ, தீர்வை (நில வரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்றோ இருந்தால் மனுவுக்கு உயிர் உண்டு. கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால், பாதை, மயானம் என்று இருந்தால் அந்த மனு எந்த மேசைக்குப் போனாலும் ஒரே பதிலோடு திரும்பும். மேய்க்கால், மந்தை, களம் ஆகியவற்றின் வகைப்பாட்டை மாற்றினால்தான் பட்டா பிறக்கும். அந்த மாற்றத்தை வட்டாட்சியர் தம் மேசையிலேயே முடித்துவிட முடியாது.

தமிழ்நாடு அரசின் மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் 'அ' பதிவேட்டின் பகுதியைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். புல எண் தெரியாதவர்கள் பக்கத்துப் பட்டா வீட்டாரின் சிட்டாவை (நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டும் கணக்கு) கேட்டு, நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து அடையாளம் காணலாம். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் மனு கொடுத்து வந்தவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வீட்டின் புல எண்ணை எந்த அலுவலரும் ஒருமுறைகூட எழுதிக் கொடுத்ததில்லை. தெரு பெயரையும் வார்டு எண்ணையும் எழுதிய மனு, "இடம் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை" என்று முடித்து வைக்கப்படுகிறது. இடத்தைத் தெளிவாக்கும் வேலையைச் சம்பளம் வாங்கிச் செய்கிறவர்கள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மதுரை நகரத்தின் சிக்கல் இதைவிடக் கடுமையானது. செல்லூர், வண்டியூர், பீபீகுளம் என்று கண்மாயை ஒட்டியும், கிருதுமால் நதியின் கரையிலும் தலைமுறைகளாக இருக்கும் குடியிருப்புகளின் சர்வே எண்கள் பெரும்பாலும் நீர்நிலைக் கணக்கில் கிடக்கின்றன. கண்மாய்க்குள் அரசுக் கட்டடங்களே எழும்பிய ஊரில், தகரக் கொட்டகைக்காரர்களிடம் மட்டும் நீர்நிலைச் சட்டம் பேசப்படுவது கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் நிற்கும்வரை, "நீர்நிலையில் உள்ள வீட்டுக்குப் பட்டா வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அத்தகைய இடத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது மாற்று இடம். மனுவின் தலைப்பிலேயே அப்படி எழுதுங்கள். "இதே இடத்துக்குப் பட்டா" என்று எழுதிய மனு தள்ளுபடியாகும்போது, மாற்று இடக் கோரிக்கையும் அதோடு சேர்ந்து காணாமல் போகிறது.

கோயில் நிலத்தில் குடியிருப்போரும் இந்த வரிசையில் நின்று காலத்தை இழக்க வேண்டாம். வருவாய்த்துறை அதற்குப் பட்டா கொடுக்காது. அவர்களுக்கான வழக்கு முழுவதும் அறநிலையத்துறையோடுதான்.

தகுதியில் விரிக்கப்பட்டிருக்கும் வலைகள்

குடும்பத்தில் யாருக்கும் வேறு வீடோ மனையோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. "குடும்பம்" என்பதை அலுவலகம் குடும்ப அட்டையைப் பார்த்து அளக்கிறது. திருமணமான மகனின் பெயர் அப்பாவின் அட்டையிலேயே கிடந்தால், அப்பாவின் ஓட்டு வீடு மகனின் தகுதியைத் தின்றுவிடும். தனிக் குடித்தனம் வந்த அன்றே அட்டையைப் பிரித்துக்கொள்வது நல்லது. மனு கொடுத்த பிறகு பிரித்தால், பட்டாவுக்காகவே பிரித்ததாகக் குறிப்பு எழுதுகிறார்கள்.

இலவச மனைப் பட்டா பொதுவாக வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் வழங்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணவன் விட்டுப் போன பெண்கள் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். அட்டை கணவன் பெயரில் இருக்கும், அவன் எங்கோ இருப்பான், பெயரை நீக்கி வர அவன் கையெழுத்தைக் கேட்பார்கள். இத்தகையவர்கள் பட்டா மனுவை எழுதுவதற்கு முன்பே, ஆதரவற்ற பெண் அல்லது கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றைப் பெற்று, அதைக் கொண்டு தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கிடைக்காது.

சாதிச் சான்று அடுத்த முட்டுக்கட்டை. ஆதிதிராவிடர் சான்றை வட்டாட்சியர் தருவார். பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர முடியும். பரவை, சமயநல்லூர் பக்கத்தில் காட்டுநாயக்கர் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்கான சான்றுக்கே தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்ததைப் பார்த்த பிறகு, "சான்றோடு வாருங்கள்" என்று எளிதாகச் சொல்லும் அலுவலரின் முகத்தைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. சான்று இழுபடுகிறது என்பதற்காகப் பட்டா மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். நிலமற்ற ஏழை என்ற அடிப்படையில் வருவாய்த்துறையிடம் மனுவைக் கொடுத்துவிட்டு, சான்று வந்ததும் அதை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பலாம்.

குடியிருப்பை நிரூபிக்க வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றில் எதுவும் நிலத்தின் மீது உரிமை தராது; ஆண்டுகளைக் காட்டுவதற்கு மட்டுமே உதவும். எத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், வருமான வரம்பு எவ்வளவு என்பவை அரசாணைக்கு அரசாணை மாறுகின்றன. ஆகவே "தகுதி இல்லை" என்று சொல்கிறவரிடம் எந்த அரசாணை எண்ணின்படி என்று எழுத்தில் கேளுங்கள். எல்லோரும் பயந்து கிழித்துப் போடும் காகிதம் ஒன்றும் இங்கே கைகொடுக்கும்: பி-மெமோ. ஆக்கிரமிப்புக்காக அபராதம் விதித்து வருவாய்த்துறை கொடுக்கும் அந்தச் சீட்டும், அபராதம் கட்டிய ரசீதும், இந்தக் குடும்பம் இந்த ஆண்டில் இந்தப் புல எண்ணில் இருந்தது என்று அரசே எழுதிக் கொடுத்த சாட்சி. ஆட்சேபணையற்ற இடத்தில் அதைவிடப் பலமான குடியிருப்புச் சான்று கிடைப்பது அரிது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

புறம்போக்கு வீட்டை முத்திரைத்தாளில் எழுதி வாங்கியவர்கள், அந்தத் தாள் விற்றவரின் உரிமையையோ வாங்கியவரின் உரிமையையோ உருவாக்குவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலவசமாக ஒப்படை செய்த மனையை, விற்கக் கூடாத காலத்துக்குள் வாங்குவது இன்னும் ஆபத்தானது. நிபந்தனை மீறல் என்று பட்டாவை ரத்து செய்தால், பணம் கொடுத்தவருக்கும் இடமில்லை, விற்றவருக்கும் இனி மனையில்லை.

அலுவலகத்தில் நடக்கும் அலைக்கழிப்பு

கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், நில அளவர், வட்டாட்சியர், இடத்தின் மதிப்பைப் பொறுத்து கோட்டாட்சியர் அல்லது அதற்கும் மேல். இதற்கு இடையில் உள்ளாட்சியின் ஆட்சேபணையில்லாத் தீர்மானம், ஆட்சேபணை கோரும் ஏ-1 விளம்பரம். கோப்பு இந்த வழியாகத்தான் நகர வேண்டும். நகராமல் கிடப்பதற்கும் இத்தனை இடங்கள் உண்டு. ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் "நிலம் இல்லை, வட்டாட்சியரைக் கேளுங்கள்" என்பார். வட்டாட்சியர் "அது தனி வட்டாட்சியரின் வேலை" என்பார். இருவரும் வாய்மொழியாகச் சொல்வதால் இருவருமே பொறுப்பில்லை.

இதை உடைக்க ஒரே வழி, கோப்புக்கு எண் வாங்குவது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவும், சிறப்பு முகாமில் கொடுக்கும் மனுவும், முதல்வரின் தனிப்பிரிவுக்கு அனுப்புவதும் கடைசியில் அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் இறங்குகின்றன. எனவே ஒவ்வொரு கிழமையும் புது மனு எழுதுவதை விட்டுவிட்டு, முதல் மனுவின் ரசீதைக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் அதன் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணையே 'பார்வை' என்ற தலைப்பின் கீழ் காட்டுங்கள். புது மனு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்குகிறது; பழைய மனு "முடிக்கப்பட்டது" என்று கணினியில் ஏறிவிடுகிறது.

எண் கிடைத்த பிறகும் அசைவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டம் 6ஆம் பிரிவின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் பட்டா தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இந்த ந.க. எண் கொண்ட கோப்பு இன்று எந்த அலுவலரிடம் உள்ளது, வருவாய் ஆய்வாளர் எந்தத் தேதியில் தலப்பார்வை செய்தார், அவரது அறிக்கையின் நகல், இந்தப் புல எண்ணின் 'அ' பதிவேட்டு நகல் என்று கேளுங்கள். வராத தலப்பார்வைக்கு அறிக்கை எழுதப்பட்டிருப்பது இப்படித்தான் வெளியே வருகிறது.

பட்டா வந்த பிறகுதான் பாதி வேலை

மேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்மணி, தொண்ணூறுகளில் விழா மேடையில் வாங்கிய பட்டாவை லேமினேட் செய்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். மனை எண் இருந்தது, நான்கு எல்லையும் எழுதியிருந்தது, அலுவலக முத்திரையும் இருந்தது. இடத்தை மட்டும் யாரும் அளந்து காட்டவில்லை. கிராமக் கணக்கிலும் அவர் பெயர் ஏறவில்லை. அந்தப் புல எண்ணில் இன்றைக்கும் பழைய நிலவுடைமையாளர் பெயரே இருக்கிறது, அவரது வாரிசுகள் அங்கே உழுகிறார்கள். மதுரை மாவட்டத்தின் கிராமங்களில் இப்படிப்பட்ட பட்டாக்கள் ஒன்றிரண்டோடு நிற்பதில்லை.

ஆகவே பட்டா கையில் வந்த அன்றே மூன்றைக் கேளுங்கள்: நில அளவர் வந்து மனையை அளந்து கல் நட வேண்டும், உட்பிரிவு எண் புலப்படத்தில் ஏற வேண்டும், சிட்டாவில் உங்கள் பெயர் வர வேண்டும். மூன்றாவதை நீங்களே இணையத்தில் பார்த்துவிடலாம். பெயர் வரவில்லை என்றால், பட்டாவின் நகலோடு "கிராமக் கணக்கில் திருத்தம் செய்து, மனையை அளந்து ஒப்படைக்கக் கோருதல்" என்று தலைப்பிட்டு மனு கொடுங்கள். இது புதுப் பட்டா கேட்கும் மனு ஆகாது. வருமானச் சான்றும் தகுதி விசாரணையும் இதற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கலைஞர் கனவு இல்லம் போன்ற வீட்டுத் திட்டங்களில் பெயர் வந்த பிறகு, கணக்கில் பட்டா இல்லாததால் வீட்டை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே வீட்டுத் திட்ட அறிவிப்பு வரும்வரை இந்த வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. நத்தத்தில் இருப்போரும் தங்களிடம் உள்ளது தோராயப் பட்டாவா (தற்காலிகமானது), தூய பட்டாவா (இறுதியானது) என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தோராயப் பட்டாவோடு நின்றுபோன வீடுகள் நிறைய.

ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் தணிக்கை) இந்தத் திருத்தங்களுக்கு நல்ல இடம். கிராமக் கணக்குகள் அத்தனையும் அன்று மேசை மேல் இருக்க வேண்டும். "பதிவேடு இங்கே இல்லை" என்ற சாக்கை அன்று சொல்ல முடியாது. உங்கள் கிராமத்துக்குரிய நாளைக் கேட்டு வைத்து, அன்றைக்கு ஊராக நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள்.

நோட்டீஸ் வந்தால்

காலி செய்யச் சொல்லி வரும் காகிதத்தில் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவா, 6ஆம் பிரிவா என்று முதலில் பாருங்கள். 7 என்றால் உங்கள் விளக்கத்தைக் கேட்கிறார்கள். 6 என்றால் வெளியேற்ற உத்தரவு. 7ஆம் பிரிவு நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் ஆளும் கட்சிக்காரர் வீட்டுக்கு நடந்து காலத்தைக் கழிப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. பதில் இல்லாததையே காரணமாகக் காட்டி அடுத்த உத்தரவு வந்துவிடும். கெடுவுக்குள் பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, குடியிருப்புச் சான்றுகளையும் மாற்று இடக் கோரிக்கையையும் அதில் சேருங்கள். வெளியேற்ற உத்தரவின் மேல் முறையீடு செய்யவும் அதே சட்டத்தில் வழி உண்டு. அதற்குரிய கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதால், உத்தரவு வந்த வாரமே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.

மாற்று வீடு என்று மதுரையை அடுத்த ராஜாக்கூர் போன்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டினால், கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் இருப்பதைப் பார்க்காமல் வீட்டை இடிக்கச் சம்மதிக்காதீர்கள். கணக்கெடுக்க வந்த அன்று வேலைக்குப் போயிருந்தவர்களின் வீடுகள் "பூட்டிய வீடு" என்று பதிவாகி விடுபடுகின்றன. பயனாளி பங்குத்தொகை என்று கேட்டால் எவ்வளவு, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள்.