முட்டுகளைப் பிரிக்கும் வரிசை

12 செ.மீ. கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடை. அது இறுகும்வரை அடியில் முட்டாக நிற்கும் சவுக்குக் கம்புகள்தான் தாங்க வேண்டும். மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களின் மணல் பூமியில் கம்பை வெறுந்தரையில் நட்டால் புதையும். அதன் பாரம் பக்கத்துக் கம்புகள்மேல் ஏறும். அதனால் அடியில் அகலப் பலகை வைத்து, மேலே இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகுவார்கள். மட்டம் பார்க்கவும் அதுதான், பிரிக்கும்போது அதிர்வில்லாமல் தளர்த்தவும் அதுதான்.

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால், 4.5 மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் கூடுதல் நாள் விட வேண்டும். நாளை மட்டும் எண்ணிப் பயனில்லை. கச்சான் காற்றில் தளம் காய்ந்துவிட்டால் சிமெண்ட் இறுகுவதும் நின்றுபோகும். பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள். உவர்நீர் மட்டும் வேண்டாம், உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

பலர் கோட்டை விடுவது வரிசையில். சுவர்கள்மேல் அமர்ந்த தளத்துக்கு நடுவில் தொடங்கிச் சுவரை நோக்கி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து வெளியே நீளும் சன்ஷேடுக்கு நுனியில் தொடங்க வேண்டும். தளம் நடுவே தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும் என்பதால் கம்பி அங்கே கிடக்கிறது. பாதுகாப்புக்கு என்று நடுக்கம்பை மட்டும் விட்டுவைத்தால், தளம் அதன்மேல் முதுகு வளைந்து, கம்பியில்லாத மேற்பக்கம் வெடிக்கும். தாங்க வைத்த முட்டே கெடுக்கிறது.

கற்பித்தலிலும் இதே சிக்கல் உண்டு. 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 21 மரத்துண்டுகளால் பிரமிடு கட்டுவதை ஆராய்ந்து, ஆசிரியரின் உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். பிள்ளை தடுமாறினால் உதவி ஒரு படி கூட வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு படி குறைய வேண்டும்.

304 கிலோ நெத்திலியில் 127 கிலோ ஏலம் போனால் மீதி எவ்வளவு? முதலில் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். அடுத்த கணக்கில் நூறாமிடத்தை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள், அதற்கடுத்ததில் பத்தாமிடத்தையும் சேர்த்து. கடைசிப் படியிலிருந்து விட்டுக்கொண்டே வந்தால், ஒவ்வொரு கணக்கையும் முடித்து விடை காண்பது பிள்ளையாகவே இருக்கும். 'இப்போ கடன் வாங்கு' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தச் சொல் வரும்வரை பிள்ளை காத்திருக்கப் பழகிவிடும். நடுக்கம்பு அதுதான்.

பிறகு 502 − 268 கொடுத்து வாய் திறக்காமல் பாருங்கள். பூஜ்ஜியத்திடம் கடன் கேட்கும் இடத்தில் நின்றுபோனால், அந்த ஒரு படிக்கு மட்டும் முட்டு கொடுங்கள்: 5 நான்காகும், பூஜ்ஜியம் பத்தாகி ஒன்றைக் கொடுத்து ஒன்பதாகும், 2 பன்னிரண்டாகும்.