சுக்கு ஏன் இஞ்சியைவிட உறைக்கிறது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து சுக்குக் காப்பி குடித்தேன். நெஞ்சு வரை சூடு ஏறியது. வீட்டில் இஞ்சி டீ குடித்தால் இப்படி ஏறுவதில்லையே, இரண்டும் ஒரே கிழங்குதானே?"

ஒரே கிழங்குதான். ஆனால் காயும்போது அதற்குள் ஒரு வேதிவினை நடந்துவிடுகிறது.

நெல்லைப் பக்கத்துச் சுக்குக் காப்பியில் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி இருக்கும். வீட்டுக்கு வீடு திப்பிலியோ துளசியோ சேரும். மல்லி மணத்துக்கு, கருப்பட்டி இனிப்புக்கு. மிளகில் உள்ள பைப்பரினும் தன் பங்குக்கு உறைக்கும். ஆனாலும் தொண்டையில் நின்று எரிவது சுக்குதான்.

பச்சை இஞ்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சுக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். தண்ணீர் போனால் காரம் செறிவாகும், சரி. எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. பச்சை இஞ்சியின் உறைப்புக்கு முக்கியக் காரணம் ஜிஞ்சரால். அதன் மூலக்கூறில் 17 கார்பன், 26 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் அணுக்கள். சுக்கில் கூடுதலாகக் கிடைக்கும் ஷோகாலில் 17 கார்பன், 24 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். கழித்துப் பாருங்கள். இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். தண்ணீர்!

ஜிஞ்சராலின் கார்பன் சங்கிலியில் ஓரிடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒன்று தொங்குகிறது. வெப்பம் படும்போது அது பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனையும் கூட்டிக்கொண்டு தண்ணீராகக் கழன்றுவிடும். அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உருவாகும். அப்போது அது ஷோகால். கிழங்கு காய்கிறது, கிழங்குக்குள் இருக்கும் மூலக்கூறும் தன் அளவில் காய்கிறது. எல்லா ஜிஞ்சராலும் மாறுவதில்லை. காயவைக்கும் சூடு கூடக்கூட மாறும் பங்கும் கூடும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஷோகால், ஜிஞ்சராலைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குழம்பிலோ டீயிலோ கொதிக்கும் பச்சை இஞ்சியில் ஜிஞ்சராலின் ஒரு பகுதி வேறு விதமாக உடைந்து, காரம் குறைந்த, லேசான இனிப்பு மணமுள்ள ஜிஞ்சரோன் ஆகிறது. டீயில் சேரும் பாலும் உறைப்பைத் தணிக்கும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நம் நாக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் வாசல் அது. திறந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே பாயும், 'சுடுகிறது' என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயின் கேப்சைசினை வைத்து இதை 1997-இல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வகம். 2021-இல் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படாபூட்டியனோடு அவர் பகிர்ந்துகொண்டார். ஷோகாலும் இதே வாசலைத் திறக்கிறது, அதுவும் சூடே இல்லாதபோது. சுக்குக் காப்பியை நன்றாக ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள், தொண்டை அப்போதும் காந்தும். மூளையோ நிஜமாகவே சுட்டதாக எடுத்துக்கொண்டு நெற்றியில் வியர்வையை வரவழைக்கிறது.

தொடர்ந்து தூண்டப்பட்டால் இந்த வாசல் கொஞ்ச நேரம் மந்தமாகிவிடும். தடுமம் பிடித்தவருக்குத் தொண்டைக் கரகரப்பு தணிவதில் இதற்குப் பங்கு இருக்கலாம். ஆவியும் வெந்நீரும் சளியை இளக்கும். ஆனால் தடுமத்துக்குக் காரணமான வைரஸைச் சுக்கு கொல்லும் என்று சொல்லச் சான்று இல்லை. கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தினமும் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். இஞ்சித் தோலில் நஞ்சு எதுவும் கிடையாது. ஆனால் கடையில் வெள்ளையாக இருக்கும் சுக்கைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் மாவுபோல் ஒட்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசிய சுண்ணாம்பு அது. சுரண்டத்தான் வேண்டும், ஆழமாக அல்ல. மணம் தரும் எண்ணெய் தோலை ஒட்டியே அதிகம் இருக்கிறது. கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளி தாராளமாகக் குடிக்கலாம் என்ற பேச்சைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே பொருள்.

"சுக்குக்கு மிஞ்சிய வைத்தியம் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய தெய்வம் இல்லை" என்பது திருச்செந்தூர்ச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த சொலவடை. பின்பாதி அவரவர் நம்பிக்கை. முன்பாதியைச் சோதித்துப் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நம் ஊர்க் கஷாயங்களை முறையாகச் சோதிக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'நூறு நோய்க்கு ஒரே மருந்து' செய்திகளுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

வீட்டில் போடுகிறவர்களுக்கு: ஷோகால் தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் சுக்கை நன்றாக இடித்து நேரம் கொடுத்துக் கொதிக்க விடுங்கள். மல்லியின் மணமான லினலூல் ஆவியோடு போய்விடும், அதைக் கடைசியில் போட்டு உடனே மூடிவிட வேண்டும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். மண்ணும் தூசியும் அடியில் தங்கிவிடும்.