திரும்பி வாங்காத கத்திகள்

என் பட்டறை மூலையில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து வாங்கிப் போகாதவர்களின் கத்திகள் அதில் இருக்கின்றன. இன்றைய கணக்குக்கு 17. மட்டமான தகட்டுக் கத்திகள் அதில் இரண்டோ மூன்றோதான். மற்றவை எல்லாம் பெயருள்ளவை. நாலு பேரிடம் விசாரித்து, ஆசைப்பட்டு வாங்கியவை. வாங்கியவர்கள் மறந்து போய்விடவில்லை. அவர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரையே இனி வீட்டுக்குள் விடுவதாக இல்லை" என்று தொலைபேசியில் சொன்னவர்களும் உண்டு.

நான் கத்தி தீட்டுகிறவன். விற்பதில்லை. எந்த பிராண்டுக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் இருபது வருடங்களுக்கு மேல் இந்தப் புகார்களைக் கேட்டு, கேட்ட கையோடு கத்தியையும் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: ஒருவர் ஒரு பிராண்டைக் கைவிடுவதற்குச் சொல்லும் காரணம் ஓரிடத்தில் இருக்கிறது, கத்தியின் கோளாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. இது தெரியாமல் அடுத்த பிராண்டுக்கு ஓடுகிறவர், அதே கோளாறை வேறு பெயரில் வாங்கி வந்து என் மேசையில் வைக்கிறார்.

நான் அதிகம் கேட்கும் புகார் இது: "வாங்கிய அன்று காகிதத்தைச் சீவித் தள்ளியது. இரண்டே வாரத்தில் மொண்ணை." எஃகு மட்டம் என்ற தீர்ப்பும் கூடவே வரும். நான் கத்தி வாயை நகத்தின் மேல் இழுத்துப் பார்ப்பேன், பிறகு பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். பல நேரம் அங்கே தெரிவது பிசிறு. தீட்டும்போது எஃகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளப்பட்டு, விளிம்பில் மயிரிழை போல ஒரு தகடாகத் தொங்கும். இரு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தேய்த்து, கடைசியில் தோல்வாரில் உருவி அதை எடுக்க வேண்டும். வேகமாகக் கைமாறும் தொழிற்சாலை வேலையில் அது முழுவதும் போவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பிசிறு தொங்கும் கத்தி காகிதத்தை அருமையாக வெட்டும். கடைகளில் காகிதத்தைக் கிழித்துக் காட்டுவதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். பலகையில் நாலு நாள் தட்டியதும் அந்த மயிரிழை மடங்கும், அல்லது ஒடியும். ஒடிந்த இடத்தில் மிஞ்சுவது தட்டையான ஓரம்.

பிசிறையாவது கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்ததைப் பார்க்க முடியாது. எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், அந்தத் தோய்ச்சலில் அது கடினமாகும்; கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடும். அதை மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் பதம் வரும். பல சமையலறைக் கத்திகளுக்கு அந்தச் சூடு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில்தான். பிறகு எப்போதாவது அதற்கு மேல் சூடேறினால் பதம் இளகிவிடும். ஓடும் பெல்ட்டில் தண்ணீர் இல்லாமல் வாய் தீட்டினால், மெல்லிய விளிம்பு கண் இமைக்கும் நேரத்தில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அலகைத் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். வெந்துபோனது ஒரு மயிரளவு மட்டும். கத்தி வெட்டுவது அந்த மயிரளவால்தான்.

வெந்த அந்தப் பகுதியைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால், அடியில் இருக்கும் எஃகு பதம் கெடாமல் இருக்கும். அதனால் புதுக் கத்தியை இரண்டு மூன்று முறை கையால் தீட்டிப் பயன்படுத்திய பிறகுதான் நான் அதைப் பற்றி வாய் திறப்பேன். பெட்டியில் கிடந்த சிலவற்றை வேலை குறைந்த மத்தியானங்களில் இப்படித் தீட்டிப் பார்த்தேன். இரண்டு கத்திகள் அபாரமாக நின்றன. உரியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் வந்து வாங்கிப் போனார். மற்றவர், "நல்லதாகவே இருக்கட்டும், எனக்கு வேண்டாம்" என்றார். முதல் இரண்டு வாரத்தில் விழுந்த கசப்பை எந்தச் சாணைக்கல்லாலும் தேய்த்து எடுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. அது கடினத்தின் மேல் வைக்கும் ஆசையிலிருந்து வருகிறது.

எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். ஐரோப்பிய பாணிச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியப் பாணிக் கத்திகளில் பல 60-ஐத் தாண்டும். எண்ணில் நாலைந்துதான் வித்தியாசம், ஆனால் குணம் வேறாகிவிடும். மென்மையான கத்தியின் வாய் மடங்கும்; எஃகுக் கோலில் இரண்டு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். கடினமான கத்தியின் வாய் மடங்காது, சில்லு பெயரும். போதாததற்கு அதைப் பக்கத்துக்கு 15 டிகிரி அல்லது அதற்கும் குறைவான கோணத்தில் மெல்லியதாகத் தீட்டியிருப்பார்கள். ஒருவர் கொண்டுவந்த கத்தியின் பெட்டியில் '62' என்ற எண் கொட்டை எழுத்தில் இருந்தது. வாங்கிய முதல் வாரத்திலேயே எலும்போடு வெட்டிவிட்டு, வெட்டியதைப் பலகையிலிருந்து வழிக்கக் கத்தி வாயையே பக்கவாட்டில் இழுத்திருக்கிறார். வாய் முழுவதும் பொக்கை. "கண்ணாடியில் செய்து விற்கிறார்கள்" என்று பொரிந்தார்.

அவர் கோபம் பாதி நியாயம் என்பேன். எலும்பு கூடாது, உறைந்த இறைச்சி கூடாது, கண்ணாடிப் பலகை கூடாது, செருகித் திருகக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பெட்டியிலும் இருந்தது. பதினோரு மொழிகளில் அச்சிட்டு எட்டாக மடித்த தாளில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். 62 என்ற எண்ணை முகப்பில் போட்டவர்கள் அந்த எண் கேட்கும் ஒழுக்கத்தையும் முகப்பிலேயே போட்டிருக்க வேண்டும். கடினமான கத்தியையும் வரிவரியான எஃகுக் கோலையும் ஒரே தொகுப்பாக விற்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோலில் இழுக்க இழுக்கச் சில்லு பெயரும். வாங்கியவர் கத்தியைத்தான் திட்டுவார்.

துரு விஷயத்தில் நம் மொழியும் ஒரு கூட்டாளி. 'துருப்பிடிக்காத எஃகு' என்று பெயர் வைத்துவிட்டோம். பெயரே வாக்குறுதி ஆகிவிட்டது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த எஃகை உருக்கி எடுத்த காலத்திலிருந்து இதன் சூத்திரம் ஒன்றுதான்: குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். உப்பும் ஈரமும் நெடுநேரம் உட்கார்ந்தால் அந்தப் படலம் அங்கங்கே உடையும். "கரண்டி இத்தனை வருடமாகப் பளபளவென்று இருக்கிறது, கத்தி மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கரண்டிக்குப் பயன்படும் 18 சதவீதக் குரோமியமும் 8 அல்லது 10 சதவீத நிக்கலும் கொண்ட எஃகைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. கூர் நிற்க கார்பன் வேண்டும். அந்த கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்ளும். படலத்துக்கு மிஞ்சுவது குறைவு. ஆகவே நல்ல கத்தியில் புள்ளித் துரு வந்தால் பிராண்டைச் சபிக்கும் முன்பு, அது பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் போனதா, ஈரத்தோடு உறைக்குள் தூங்கியதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

அட்டைப்பெட்டியின் வாய்ஜாலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'ஜெர்மன் எஃகு' என்று இருந்தால் எஃகு ஜெர்மனியைச் சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். கத்தி எங்கே செய்யப்பட்டது, எங்கே தீட்டப்பட்டது என்பதற்கு அதில் பதில் இல்லை. 'ஜெர்மன் வடிவமைப்பு' என்றால் எஃகுக்கும்கூட உத்தரவாதம் இல்லை. 'சோலிங்கன்' என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர் வேறு விஷயம். அந்தப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. முக்கியமான வேலைக்கட்டங்கள் அந்த வட்டாரத்தில் நடந்திருந்தால்தான் அலகில் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். அலகில் இருக்கும் எண்ணும் பேசும். 1.4116 என்பதும் X50CrMoV15 என்பதும் ஒரே எஃகு. முதல் 50 என்பது 0.50 சதவீத கார்பன், கடைசி 15 என்பது ஏறத்தாழ 15 சதவீதக் குரோமியம். இது நல்ல, நடுத்தரமான, சுலபமாகத் தீட்ட வரும் எஃகு. வெவ்வேறு விலையில் பல பிராண்டுகள் இதையே பயன்படுத்துகின்றன. எண்ணைப் படிக்கத் தெரிந்தால், 'விசேஷ உயர் கார்பன்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுச் சிரிக்கலாம்.

ஒரே நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை ஏறத்தாழ ஒரே பெயரில் விற்பதும் உண்டு. ஸ்விலிங் ஜே.ஏ. ஹெங்கல்ஸ் நிறுவனம் 1731-ல் பதிவு செய்த சின்னத்தில் இரண்டு மனித உருவங்கள் இருக்கும்; அதே குழுமத்தின் ஹெங்கல்ஸ் வரிசையில் ஒரே உருவம். இது ஒளிவுமறைவான காரியம் அல்ல, வெளிப்படையாகவே இரண்டு வரிசைகள். ஆனால் வாங்குகிறவர் பெயரைப் பார்க்கிறாரே தவிர, உருவங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டி வீட்டுக் கத்தி மாதிரி இல்லையே என்று பிறகு வருந்துவார். சுத்தமான போலிகள் இதற்கும் அப்பால். அவற்றிலும் மிகுதியாக ஏமாற்றுவது அலகின் மேல் கோலம் போல ஓடும் 'டமாஸ்கஸ்' அலை. தகடு தகடாக அடித்து ஒட்டிய உண்மையான அலகில் அந்த அலை முதுகிலும் தொடரும், தேய்த்து மெருகேற்றினாலும் அமிலத்தில் மறுபடி எழும். லேசரால் வரைந்த அலை என் மூன்றாவது கல்லிலேயே கரைந்துவிடும். ஒருவர் கண்முன்னாலேயே அது கரைந்தது. அன்று அவர் என் மேல்தான் கோபப்பட்டார்.

கழுத்துத் தடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரும்புத் தடிப்பு சில கத்திகளில் வாயின் அடிப்பகுதி வரை இறங்கியிருக்கும். பார்க்கக் கம்பீரம். சில வருடங்கள் தீட்டியபின் வாய் மட்டும் தேய்ந்து, தடிப்பு தேயாமல் நிற்கும். கத்தி பலகையில் முழுவதும் உட்காராது, நறுக்கியது துண்டாகாமல் சரம் கோத்தது போல வரும். அந்தத் தடிப்பையும் அரைத்துக் குறைத்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான்.

இத்தனையையும் மக்கள் மன்னித்துவிடுவார்கள். மன்னிக்காதது ஒன்று: பதில் வராத கடிதம். பிடியில் விரிசல் விட்ட ஒரு கத்தியோடு ஓர் அம்மா வந்தார். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று பெட்டியில் இருந்தது. நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியிருக்கிறார். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, 'முறையற்ற பயன்பாடு உத்தரவாதத்தில் அடங்காது' என்று ஒரே வரி. கத்தியை அவர்கள் பார்க்கக்கூட இல்லை. நான் பார்த்தேன். ரிவெட்டை ஓரத்துக்கு மிக நெருக்கமாக அடித்திருந்தார்கள். மரம் அங்கிருந்துதான் பிளந்திருந்தது. பயன்படுத்தியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அரை மணி நேரத்தில் வேறு பிடி போட்டுக் கொடுத்தேன். அலகு இன்னும் நன்றாக இருக்கிறது, அவரும் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் அவர் குடும்பத்தில் யாரும் அந்தப் பெயரை மறுபடி வாங்கப் போவதில்லை. அந்த ஒரு வரியை எழுதியவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

'வாழ்நாள்' என்பது பெரும்பாலும் தயாரிப்புக் குறையை மட்டுமே குறிக்கும். தேய்மானமும் மழுங்கலும் அதில் சேராது. வெளியாள் தீட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்றுகூடச் சில தாள்களில் இருக்கிறது. அதனால் குறை தெரிந்தால் முதலில் படம் எடுங்கள், பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு என்னைப் போன்றவரிடம் வாருங்கள். இந்த வரிசை முக்கியம். நான் ஒருமுறை கல்லில் வைத்துவிட்டால் அது தொழிற்சாலையின் வாய் அல்ல, என் வாய். சில்லு எங்கே பெயர்ந்தது, விரிசல் எங்கே தொடங்கியது என்ற சாட்சியமெல்லாம் என் கல்லோடு போய்விடும்.

சாணை பிடிக்கிறவனும் ஒரு பிராண்டைக் கொல்ல முடியும் என்பதால் கடைசியாக என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார்பன் எஃகுக் கத்தி வந்தது. நேரமில்லை என்று மின்சாணையில் வைத்தேன். நுனி ஒரு கணம் நீலம் பூத்தது. கார்பன் எஃகில் நீலம் என்றால் 300 டிகிரி சுற்றுவட்டம்; பதம் போய்விட்டது என்று பொருள். நீலத்தை மெருகு போட்டு மறைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் மூன்று முறை திரும்பி வந்தார். நுனியில் கூர் நிற்கவில்லை என்றார். மூன்றாவது முறை, "பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கத்தியை விட்டுவிட்டுப் போனார்.

பெட்டியில் முதலில் விழுந்த கத்தி அதுதான். சில வருடங்கள் கழித்து, வெந்த நுனியைத் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்து எடுத்தேன். முழுதாக இரண்டு நாள் பிடித்தது. இப்போது அது ஒரு விரற்கடை குட்டை, ஆனால் நுனி வரை கூர் நிற்கிறது. அவர் எண்ணுக்கு அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள்.